முகம் கடைசியில்: கோலாலம்பூரில் களிமண் உருவச் சிற்பம் கற்பிக்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் ஓவிய வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. பானை வனையும் வகுப்புகளும் பெருகிவிட்டன. ஆனால் களிமண்ணில் மனித உடலைச் செய்ய, அதுவும் தமிழில் சொல்லிக் கொடுக்கும் இடம் தேடினால் கால்தான் வலிக்கும். அந்தக் குறையைத் தீர்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். மண்ணைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நான் அலைக்கழிந்தது பெரும்பாலும் மண்ணுக்கு வெளியே இருக்கும் விஷயங்களில்தான்: தாள்கள், வாடகை, காயும் நேரம், சூளை.

எல்லோரும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்யப் பார்க்கிறார்கள். மாணவன் முதல் நாளே மூக்கைச் செதுக்க உட்காருகிறான். ஆசிரியர் முதல் வாரமே பெயர்ப்பலகைக்குப் பணம் கட்டுகிறார். இரண்டையும் தடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

1. வாடகைக்கு முன் ஒரு கடிதம்

இடம் பார்ப்பதற்கு முன் கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகாவுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். நீங்கள் என்ன கற்பிக்கப் போகிறீர்கள், எத்தனை மாணவர்கள், என்ன வயது, வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று அதில் தெளிவாக எழுதுங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தனியார் கல்வி நிலையங்களுக்குப் பதிவையும், அங்கே கற்பிப்பவருக்குப் போதனா அனுமதியையும் கேட்கிறது. உங்கள் வகுப்பு அதற்குள் வருமா என்பதை இலாகா சொல்லட்டும். பக்கத்துக் கடைக்காரர் சொல்வது பதில் ஆகாது.

பதில் எழுத்தில் வர வேண்டும். முகப்பில் இருப்பவர் "பரவாயில்லை, நடத்துங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அடுத்த முறை போனால் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுச் சுமை வேண்டாம் என்று நினைத்தால், ஏற்கெனவே பதிவு பெற்ற கலை நிலையம் ஒன்றின் கூரையின் கீழ் வகுப்பு நடத்திக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். முதல் ஆண்டுக்கு அதுவே நல்ல வழி என்பது என் கருத்து. தமிழ்ப்பள்ளியில் புறப்பாட மன்றமாக நடத்துவதென்றால் தலைமையாசிரியரின் சம்மதத்தோடு தொடங்குங்கள். கல்வி அலுவலகத்திடம் கேட்க வேண்டியதை அவரே சொல்வார்.

2. பதிவும் பெயர்ப்பலகையும்

சொந்தமாக நடத்துவதென்றால் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே பதிவு செய்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். வேறு வணிகப் பெயர் என்றால் 60 ரிங்கிட். தொழில் தொடங்கி 30 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். இணையத்திலேயே முடித்துவிடலாம். தனியுரிமைத் தொழிலாகப் பதிய, மலேசியக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும்.

அடுத்தது மாநகர் மன்றத்தின் வளாக உரிமம். எஸ்.எஸ்.எம். சான்றிதழ், அடையாள அட்டை நகல், வாடகை ஒப்பந்தம், கடையின் உள்ளும் புறமும் எடுத்த படங்கள், பலகையின் வடிவம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் சிக்காதவர் குறைவு. மலாய்மொழி வாசகம் முதன்மையாக இருக்க வேண்டும். அந்த வாசகத்தை மலாய்மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்க்க வேண்டும். தமிழ் எழுத்துகளும் இருக்கலாம், ஆனால் அவை முந்தி நிற்கக்கூடாது. ஒப்புதல் வரும்வரை பலகைக் கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அழகான தமிழ்ப் பலகை ஒன்று எங்காவது கழிப்பறைக் கதவை ஒட்டிச் சாய்ந்து நின்றால், அது யாரோ அவசரப்பட்டதன் அடையாளம்.

3. இடம்: தரைத்தளமா, மாடியா?

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கங்களில் கடைவீட்டு மாடிகள் வாடகைக்குக் கிடைக்கும். தரைத்தளத்தைவிட மலிவு என்பதால் மனம் அங்கேதான் போகும். மண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை அந்தப் படிகளில் ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மின்தூக்கி இல்லாத மாடியில் மண் மேலே போகவும் வேண்டும். காய்ந்த சிற்பம் உடையாமல் கீழே வரவும் வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

இடத்தைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: கழுவும் தொட்டி, தரையில் ஓடு, ஜன்னல், மாணவர்கள் பார்த்துச் செய்வதற்கு மாதிரியாக நிற்பவர் உடை மாற்றத் தாழிடக்கூடிய ஓர் அறை. கம்பளம் விரித்த அறை வேண்டவே வேண்டாம்.

கோயில் மண்டபம் மலிவாகக் கிடைக்குமே என்று நினைப்பீர்கள். அரைக்கால்சட்டையோடு ஓர் ஆள் நடுவில் நிற்க, சுற்றி இருபது கைகளில் சேறு என்றால் நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். அதில் நியாயமும் இருக்கிறது. கோயிலைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

வாடகையில் வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம் வரை, அதோடு முதல் மாத வாடகை. மாதம் 1,500 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் சாவி கைக்கு வருமுன் குறைந்தது 5,250 ரிங்கிட் போய்விடும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி உண்டு: ஓராண்டு ஒப்பந்தமென்றால் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட், ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டுவரை என்றால் 3 ரிங்கிட். நம் கணக்கில் அது 72 அல்லது 216. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு விலக்கு இருந்தது. 2025 முதல் இல்லை. பழைய கணக்கைச் சொல்லும் தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையெழுத்திட்ட 30 நாட்களுக்குள் முத்திரை குத்திவிடுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தம் தகராறு வந்தால் கைகொடுக்காது.

"களிமண் வேலை நடக்கும், தரையில் ஈரம் இருக்கும்" என்ற வரியை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். காலி செய்யும் நாளில் டெபாசிட்டைத் திருப்பித் தர மனமில்லாத வீட்டுக்காரர், சுவரில் மண் தெறித்திருக்கிறது என்பார்.

4. மண்: எவ்வளவு, எந்த வகை?

வகுப்புக்கு இரண்டு வகை வேண்டும். நின்ற உருவப் பயிற்சிக்கு எண்ணெய் கலந்த மண். அது காயாது, வாரக்கணக்கில் அப்படியே இருக்கும், திரும்பத் திரும்பப் பயன்படும். விலை கூடுதல், ஆனால் ஒரே முறைச் செலவு. சுட்டு வீட்டுக்கு எடுத்துப் போகும் வேலைக்கு நீர்மண், அதிலும் சுட்ட மண்பொடி கலந்தது. வழவழப்பான பானை மண் உருவ வேலைக்கு ஏற்றதல்ல. பொடி கலந்தது சுருங்குவதும் வெடிப்பதும் குறைவு.

நீர்மண்ணைப் பானைக்கலைப் பொருள் விற்கும் கடைகளில் மூட்டையாக வாங்கலாம். குவாலா சிலாங்கூர் பக்கம் அகல்விளக்கும் பொங்கல் பானையும் செய்யும் நம்மவர் குடும்பங்களிடமும் பேசிப் பாருங்கள். விலை மட்டுமல்ல, மண்ணின் குணம் பற்றி அவர்களிடம் கிடைக்கும் அறிவு கடையில் கிடைக்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் மட்டும் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அளவு: 40 சென்டிமீட்டர் உயரமுள்ள நின்ற உருவத்தில் உண்மையில் ஒட்டி நிற்கும் மண் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோதான். கையில் ஒட்டுவது, வெட்டி எறிவது எல்லாம் சேர்த்து ஒரு மாணவருக்கு மூன்று கிலோ கணக்கிடுங்கள். எட்டுப் பேருக்கு 24. கையிருப்போடு 30 கிலோ. நூறு கிலோ வாங்கினால் தள்ளுபடி என்ற வலையில் விழாதீர்கள். வைக்க இடம் எங்கே?

மண் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. கைகளை முதலில் வாளியில் கழுவி, மண் அடியில் படிந்தபின் மேல் தண்ணீரை மட்டும் வடிக்க வேண்டும். அடைத்துக்கொண்ட குழாய்க்கு வரும் பில், மண்ணின் விலையைத் தாண்டிவிடும். காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம், உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. ஈரத்துணியால் துடைப்பதே வழி.

5. மாதிரியாக நிற்பவர்

இங்கே ஆடையற்ற மாதிரியை வைத்து நடத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். உடலோடு ஒட்டிய நீச்சலுடையோ குட்டைக் கால்சட்டையோ போதும். இடுப்பெலும்பின் இரு முனைகள், முழங்கால், தோள், கழுத்துக்குழி தெரிந்தால் பாடம் நடக்கும். வேட்டி கூடாது, கற்க வேண்டிய இடுப்பையே அது மறைத்துவிடும்.

பதினெட்டு வயது நிரம்பாதவரை மாதிரியாக நிறுத்தாதீர்கள், பெற்றோர் சம்மதித்தாலும். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017 முதல் நடப்பில் இருக்கிறது. மாணவரின் தோளைத் தொட்டு "இதோ இந்த எலும்பு" என்று காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உங்கள் தோளிலேயே காட்டலாம், அல்லது ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு வாங்கி வைக்கலாம். பெற்றோர் விரும்பினால் வகுப்பிலேயே உட்காரட்டும். பின்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வைப்பது எவ்வளவோ சந்தேகங்களைத் தீர்க்கும்.

பரதம் கற்றவர்கள் அசையாமல் நிற்பார்கள் என்று அவர்களைத் தேடுவோம். நிற்பார்கள், ஆனால் மிக நேராக நிற்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் ஒரு காலில் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். இருபது நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் ஓய்வு. பாதம் வைத்த இடத்தை நாடாவால் குறித்துவிடுங்கள்; இல்லையென்றால் ஓய்வு முடிந்து வந்தவர் வேறொரு மனிதராக நிற்பார். மணிக்கணக்கில் ஊதியம் பேசி, அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யாரும் படம் எடுக்கக்கூடாது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

6. பத்து வாரப் பாடம்

வாரம் ஒரு முறை, மூன்று மணி நேரம்.

முதல் வாரம் மண்ணே இல்லை. பலகையில் ஒரு குழாயை நிறுத்தி, நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியை வளைத்து உள்கூடு கட்டுவது மட்டும். 40 சென்டிமீட்டர் உருவத்துக்குத் தலை 5.3 சென்டிமீட்டர், அதாவது உயரம் ஏழரைத் தலை. உயரத்தின் சரிபாதி கால் கவட்டில் வரும். முழங்கால் தரையிலிருந்து 11 சென்டிமீட்டரில். இந்த எண்களைப் பலகையிலேயே எழுதச் சொல்லுங்கள். கம்பி மண்ணுக்கு வெளியே தெரியாதபடி ஒல்லியாகக் கட்டுவதும், மண் வழுக்காதபடி மெல்லிய கம்பியைச் சுற்றுவதும் அன்றே முடிய வேண்டும். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். சலிக்கட்டும்.

இங்கே நம் மாணவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பத்துமலையில் 42.7 மீட்டர் முருகனை நிமிர்ந்து பார்த்தும், கோபுரச் சுதைகளைச் சுற்றி வந்தும் வளர்ந்த கண்கள் இவை. கையில் மண் கொடுத்தால் தெய்வ உடல்தான் வரும்: அகன்ற தோள், சிற்றிடை, எலும்பே இல்லாத வழுவழுப்பான கை. அது குறையல்ல, அதற்கென்று தனி இலக்கணம் இருக்கிறது. தெய்வ உருவங்களுக்கான உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் உருவத்தின் உயரத்தை 124 பங்காகப் பிரிப்பார்கள்; அந்தப் பங்குக்கு அங்குலம் என்று பெயர், அது அளவுகோல் அங்குலம் அல்ல. அந்த இலக்கணத்தில் அளவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. நம் வகுப்பிலோ எதிரே நிற்கும் ஆளைப் பார்த்து அளக்கிறோம். ஏழரைத் தலை என்பதும் தொடக்கத்துக்கான ஊன்றுகோல்தான். எதிரே நிற்பவர் ஏழு தலை உயரம் என்றால் ஏழுதான். கோயில் சிற்பிகளான ஸ்தபதிகளின் முறையைக் குறைத்துப் பேசாமல் இந்த வேறுபாட்டை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

இரண்டு, மூன்றாம் வாரங்களில் தலை, விலாக்கூடு, இடுப்பு ஆகிய மூன்று கட்டிகள் மட்டும். கைகால் கிடையாது. மாதிரி வலக்காலில் எடையைப் போட்டால் வலது இடுப்பு உயரும், வலது தோள் தாழும். கழுத்துக்குழியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது எடை தாங்கும் காலின் கணுக்காலருகே விழும். நூலும் ஒரு நட்டும் போதும், கடையில் வாங்க வேண்டியதில்லை. இந்தச் சரிவு சரியாக வந்தால் முகமே இல்லாத உருவமும் நிற்கும். வராவிட்டால் எவ்வளவு அழகான மூக்கை வைத்தாலும் அது விழப்போகிறவன் போலத்தான் தெரியும்.

நான்கு முதல் ஏழுவரை கால், பிறகு கை. எல்லோரும் முன்பக்கத்திலிருந்தே வேலை செய்வார்கள். ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் மாதிரியையும் சுழல்பலகையையும் கால் சுற்று திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் மாணவரின் உருவத்தில் கைவைத்துத் திருத்தாதீர்கள். பக்கத்தில் தனியாக ஒரு பிடி மண்ணை எடுத்துக் காட்டுங்கள். ஆசிரியரின் கைபட்ட உருவத்தை மாணவன் அதற்குப் பிறகு தொடமாட்டான்.

எட்டாம் வாரம் முகம். அதுவும் கண் குழி, மூக்கின் திண்மை, தாடை மட்டுமே; 5 சென்டிமீட்டர் தலையில் இமை செதுக்க ஒன்றுமில்லை. ஒன்பது, பத்து வாரங்கள் சுடப்போகும் வேலைக்கு: ஒரு கை, ஒரு பாதம், அல்லது தலையில்லாத உடற்பகுதி.

இரண்டு விதிகளைச் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். முதலாவது, வகுப்பில் தெய்வ உருவம் செய்வதில்லை. பிள்ளையார் செய்யட்டுமே என்று தோன்றும். பாடம் முடிந்ததும் அந்த மண்ணைப் பிசைந்து மறுபடி பயன்படுத்த வேண்டும். பிள்ளையாரை யார் பிசைவது? பெற்றோர் மனம் புண்படும், உங்கள் மனமும்தான். இரண்டாவது, இங்கே மனித உருவம் செய்யப்படும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் பல இதை விரும்பமாட்டா. பணம் கட்டிய பிறகு தெரியவருவது இரு பக்கமும் சங்கடம்.

7. காயவைத்தலும் சூளையும்

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்கு என்ன கொண்டுவருவான்?" கம்பிக்கூட்டில் செய்த நின்ற உருவம் வீட்டுக்கு வராது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அதை நீர்மண்ணில் செய்தாலும் மண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது. கணுக்காலில் வெடிப்பு விழும். மீறிச் சூளையில் வைத்தால் அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். எண்ணெய் மண்ணோ சூளைப் பக்கமே போகக்கூடாது. நின்ற உருவத்தை நான்கு பக்கமும் படமெடுத்துக் கொடுத்துவிட்டு மண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சுடும் துண்டை இப்படிச் செய்யுங்கள். உருவம் முடிந்து, நகம் பதியும் ஆனால் வளையாது என்ற பதம் வந்ததும், கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே வளையக் கத்தியால் குடைந்தெடுங்கள். சுவர் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கட்டும். விளிம்புகளைக் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துளை போடுங்கள். காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். வெடிக்கவைப்பது பெரும்பாலும் ஈரம். உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிச் சுவரைப் பிளக்கிறது.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் காய்வதற்கு இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். அக்டோபர், நவம்பர் மழையில் இன்னும் கூடும். அவசரத்தில் அறைக் குளிரூட்டிக்கு எதிரே வைத்தால் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக நின்று முறுக்கிக்கொள்ளும். மெல்லிய பிளாஸ்டிக்கைத் தளர்வாகப் போர்த்தி, தினமும் கொஞ்சம் திறந்துவிடுங்கள். ஈரத்துணி போர்த்தினால் பூஞ்சை பிடிக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி இருக்கக்கூடாது, அதுதான் சோதனை.

முதல் ஆண்டில் சூளை வாங்காதீர்கள். பெரிய மின்சூளைக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். எல்லாக் கடைவீட்டு இணைப்பும் அதைத் தாங்காது. பானைக்கலைக் கூடங்களில் சில வெளியார் வேலையைக் கட்டணத்துக்குச் சுட்டுத் தரும். மூன்று கேள்விகளை முன்கூட்டியே கேளுங்கள்: எத்தனை பாகைக்குச் சுடுகிறீர்கள், கட்டணம் எடைக்கா இடத்துக்கா, அடுத்த சூளை எப்போது. உங்கள் மண் ஆயிரம் பாகையை ஒட்டிச் சுட வேண்டியதாக இருந்து, அவர்கள் 1,200க்கு மேல் சுட்டால், உருவம் உருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். தட்டின் விலை உங்கள் தலையில் விழும். மண் மூட்டையில் அச்சிட்ட வெப்ப அளவைப் படமெடுத்துக் காட்டுங்கள்.

காய்ந்து சுட்டபின் உருவம் பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். "ஏன் சிறியதாகிவிட்டது?" என்ற கேள்விக்கு ஆயத்தமாக இருங்கள். பத்தாம் வாரம் வகுப்பு முடிந்தாலும் பொருள் கைக்கு வர மேலும் ஐந்து, ஆறு வாரம் ஆகும் என்று ரசீதிலேயே எழுதுங்கள். தீபாவளிப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் ஜூலைத் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும்.

8. கட்டணம்

வாடகையையும் மண்ணையும் கணக்கிட்டு மாதிரியின் ஊதியத்தை மறந்துவிடுவோம். பத்து வாரம், மூன்று மணி நேரம் என்றால் 30 மணி. மணிக்கு 30 ரிங்கிட் என்று பேசியிருந்தால் 900. எட்டு மாணவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 112 ரிங்கிட் 50 காசு இதற்கு மட்டும். சுடும் கூலியைத் தனி வரியாகக் காட்டுங்கள். வாரக் கட்டணம் வாங்காதீர்கள். மூன்றாம் வாரம் மழை பெய்தால் வகுப்பு பாதியாகிவிடும், மாதிரிக்கான ஊதியம் பாதியாகாது. பத்து வாரத் தவணை முழுவதற்கும் முன்கூட்டியே, இரண்டு பகுதிகளாக வாங்குவதே நல்லது.

9. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியை அழைப்பதென்றால்

இரண்டாம் தவணையில் இந்த ஆசை கட்டாயம் வரும். வரட்டும், மாணவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா இன்றி வரலாம் என்பதைப் பிடித்துக்கொண்டு, "சுற்றுலாவாக வரட்டும், போகிற போக்கில் இரண்டு வகுப்பு எடுக்கட்டும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். சுற்றுலா வருகையில் கற்பிக்க அனுமதி இல்லை. சிக்கினால் அவதிப்படுபவர் வந்த விருந்தாளிதான். குறுகிய காலம் வந்து தொழில் அறிவைப் பகிர்வோருக்குக் குடிநுழைவுத் துறையின் தொழில்முறை வருகை அனுமதி இருக்கிறது. அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். அவர் புறப்படுவதற்கு முன், இங்கே அழைக்கும் நிறுவனம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் சிறு வகுப்பின் பெயரில் விண்ணப்பிப்பதைவிட, நிலைபெற்ற கலை அமைப்பு ஒன்றோடு சேர்ந்து அழைப்பது எளிது. அனுமதி கைக்கு வந்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.

அவருக்கு வேண்டிய மண்ணின் வகையையும் அளவையும் அதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக் கருவிகளைக் கைப்பையில் வைத்துவிட வேண்டாம் என்று மட்டும் நினைவூட்டுங்கள். உளியும் கத்தியும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது.